'காஸ் ஆஃப்'பா, 'காஸ் ஃபார்'ரா? ரிப்போர்ட் எழுதும்போது நம் 'க்கு' படுத்தும் பாடு

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே போனால் ஆரம்பாக்கம். தமிழ்நாடு அங்கே முடிகிறது. அடுத்து தடா, ஆந்திரா வந்துவிடும்.

இந்த எல்லைக்குத் தெற்கே ஒருவர் புதிதாக ஆலை தொடங்க வேண்டுமென்றால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் 'கன்சென்ட் டு எஸ்டாப்ளிஷ்' வாங்க வேண்டும். சுருக்கமாக, சிடிஇ. எல்லைக்கு வடக்கே போனால் அதே அனுமதிக்கு ஆந்திர வாரியத்தின் ஆவணங்களில் 'கன்சென்ட் ஃபார் எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்று பெயர். சுருக்கமாக, சிஎஃப்இ. இரண்டு பக்கமும் சட்டம் ஒன்றுதான்: 1974-ஆம் ஆண்டு தண்ணீர்ச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டமும். அப்புறம் ஏன் இங்கே 'டு', அங்கே 'ஃபார்'?

இரண்டுமே சரிதான். 'டு' போட்டால் பின்னால் வினைச்சொல் வருகிறது: எஸ்டாப்ளிஷ். 'ஃபார்' போட்டால் பெயர்ச்சொல் வருகிறது: எஸ்டாப்ளிஷ்மென்ட். இரண்டையும் கலந்து 'கன்சென்ட் ஃபார் எஸ்டாப்ளிஷ்' என்று எழுதினால்தான் தப்பு.

'கன்சென்ட்' கொஞ்சம் தாராள மனசுக்காரச் சொல். ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லும் அப்படி இல்லை. பல சொற்கள் தனக்கென்று ஒரு ப்ரிபோசிஷனை வைத்திருக்கின்றன. வேறொன்றைப் பக்கத்தில் உட்கார விடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்தச் சிக்கல் தினமும் வருகிறது. ஷாப் ஃப்ளோரில் தமிழும் இந்தியும் கலந்து பேசி வேலையை முடித்துவிடலாம். ஷிஃப்ட் முடிந்ததும் எழுத வேண்டிய ரிப்போர்ட், கஸ்டமருக்குப் போகும் மெயில், ஆடிட்டர் கேட்கும் விளக்கம் எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்து, டிப்ளமோ முடித்து, மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கூட, கீபோர்டு முன்னால் 'ஆஃப்'பா 'ஃபார்'ரா என்று நிற்கும் இடம் அது.

காரணம் ஒன்று, சொல் இரண்டு

அதிகம் தடுமாற வைக்கும் சொல்லை முதலில் பார்க்கலாம். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எண்ணெய் கசிகிறது, அதனால் சப்ளை தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமர் 8டி ரிப்போர்ட் கேட்கிறார். அதன் நான்காவது படி 'ரூட் காஸ்', அதாவது மூல காரணம். தமிழில் நாம் நினைப்பது: 'லீக்குக்கு என்ன காரணம்?' அந்தக் 'க்கு'வை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் 'காஸ் ஃபார் தி லீக்' என்று வரும். எழுத வேண்டியது 'காஸ் ஆஃப் தி லீக்'.

ஆனால், 'காரணம்' என்பதற்கு 'ரீசன்' என்ற இன்னொரு சொல்லும் இருக்கிறதே! அதற்கு 'ஃபார்' தான்: 'ரீசன் ஃபார் தி டிலே'. தமிழில் ஒரே 'காரணம்', ஒரே 'க்கு'. ஆங்கிலத்தில் இரண்டு சொல், இரண்டு ஜோடி.

ஏன் இப்படி? 'காஸ்' என்பது ஒன்றை உண்டாக்கியது. சீல் தேய்ந்தது, அதனால் எண்ணெய் கசிந்தது. தேய்ந்த சீல்தான் கசிவின் 'காஸ்'. 'ரீசன்' என்பது 'ஏன்?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் விளக்கம். சீலை ஏன் மாற்றவில்லை? ஸ்டோரில் ஸ்டாக் இல்லை. அது மாற்றாததற்கான 'ரீசன்'. ரூட் காஸ் அனாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இலக்கணத்தோடு நிற்பதில்லை. முதலாவது மெஷினில் நடந்தது. இரண்டாவது மனிதர்கள் எடுத்த, எடுக்காத முடிவு. ஐந்து முறை 'ஏன்' கேட்கும் முறையில் பெரும்பாலும் முதல் கேள்விக்குக் 'காஸ்' பதிலாக வரும். போகப் போக 'ரீசன்' வெளியே வரும்.

'காஸ் ஃபார்' என்று ஆங்கிலத்தில் இல்லவே இல்லையா? இருக்கிறது. 'காஸ் ஃபார் கன்சர்ன்' என்றால் கவலைப்பட முகாந்திரம் இருக்கிறது என்று பொருள். 'நோ காஸ் ஃபார் அலார்ம்' என்றால் பதற வேண்டியதில்லை. இங்கே 'காஸ்' என்பது முகாந்திரம், நியாயம். அதனால் 'காஸ் ஃபார் தி லீக்' என்று எழுதினால், எண்ணெய் கசிந்ததில் ஏதோ நியாயம் இருக்கிறது என்பது போல லேசாக ஒலிக்கும். படிப்பவருக்குப் புரியாமல் போகாது. ஆனால், ஒரு நொடி கண் நிற்கும்.

'ரீசன் ஆஃப்' கதையும் இதே மாதிரிதான். தனியாக 'ரீசன் ஆஃப் தி டிலே' தவறு. ஆனால் 'ஃபார் ரீசன்ஸ் ஆஃப் சேஃப்டி', அதாவது பாதுகாப்புக் காரணங்களுக்காக, என்பது நல்ல ஆங்கிலம்.

ஒரு சுவாரசியம். இந்தியில் 'இஸ்கா காரண்' என்பார்கள். இதனுடைய காரணம் என்று பொருள். அந்தக் 'கா' ஆங்கிலத்தில் 'ஆஃப்' பக்கம் இழுக்கும். அதனால் இந்தியில் யோசிப்பவருக்குக் 'காஸ் ஆஃப்' தானாக வந்துவிடும், 'ரீசன் ஆஃப்' என்று தவறவும் வாய்ப்பு உண்டு. தமிழில் 'இதற்குக் காரணம்'. தெலுங்கிலும் 'தீனிகி காரணம்' என்று 'க்கு' தான். நமக்கு 'ரீசன் ஃபார்' தானாக வரும், 'காஸ் ஃபார்' என்று சறுக்கும். பீகார், ஒடிசா, ஆந்திரா, தமிழ்நாடு என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே லைனில் நிற்கும் கும்மிடிப்பூண்டியில், ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு தவறும் சேர்ந்து வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். தவறு செய்பவரின் ஆங்கிலம் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. தாய்மொழி இலக்கணம் ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஒரே 'க்கு', எத்தனை வேஷம்

பள்ளிக்கூடத்தில் நான்காம் வேற்றுமை படித்தது ஞாபகம் இருக்கிறதா? உருபு 'கு'. கொடை, பகை, நட்பு, தகுதி, பொருட்டு, முறை என்று அதற்குப் பல பொருள்களைப் பாடநூல் அடுக்கும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்தப் பட்டியல்தான் இங்கே முழு விஷயமும். தமிழில் 'கு' ஒன்றே இத்தனை வேலையையும் பார்த்துவிடுகிறது. அதே வேலைகளை ஆங்கிலம் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. யாருக்கு எது என்பதை முடிவு செய்வது, முன்னால் நிற்கும் பெயர்ச்சொல்.

பாருங்கள். கம்ப்ளெய்ன்ட்டுக்குக் காரணம் என்றால் 'காஸ் ஆஃப்'. பிரச்சினைக்குத் தீர்வு என்றால் 'சொல்யூஷன் டு'. தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால் 'ஷார்ட்டேஜ் ஆஃப்'. உதிரிபாகத்துக்குக் கிராக்கி என்றால் 'டிமாண்ட் ஃபார்'. மெஷினுக்குச் சேதம் என்றால் 'டேமேஜ் டு'. கழிவுநீர் வெளியேற்றத்துக்குக் கட்டுப்பாடு என்றால் 'ரெஸ்ட்ரிக்ஷன் ஆன்'. மேலே சொன்ன தண்ணீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவுக்குத் தலைப்பே 'ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் ஆன்' என்றுதான் தொடங்குகிறது. தமிழில் எல்லாமே 'க்கு'!

ஆடிட் சமயத்தில் அடிக்கடி வரும் சொல் 'கம்ப்ளையன்ஸ்'. விதிக்கு இணங்கி நடப்பது. 'விதிக்கு' என்பதால் 'கம்ப்ளையன்ஸ் டு' என்று கை தானாக எழுதும். சரியானது 'கம்ப்ளையன்ஸ் வித்'. ஆனால், கிட்டத்தட்ட அதே பொருள் தரும் 'அட்ஹீரன்ஸ்' என்ற சொல்லுக்கு 'டு' தான் வரும். 'கன்ஃபார்மிட்டி' என்றால் 'டு', 'வித்' இரண்டும் வரும். பொருளை வைத்து ப்ரிபோசிஷனைக் கணிக்க முடியாது என்பதற்கு இந்த மூன்று சொல்லே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே தெருவில் இருக்கின்றன. ஆனால் ஆளுக்கொரு பழக்கம்.

'ஃப்ரம்' போட்டால் திருஷ்டி

இதுவரை பார்த்தவை பெரும்பாலும் கண்ணை உறுத்தும் தவறுகள், பொருள் தப்பவில்லை. சில சொற்களில் ப்ரிபோசிஷன் மாறினால் விஷயமே மாறிவிடும்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவுத் தலைப்புகளைப் படித்தால் இது நன்றாகத் தெரியும். 35-வது பிரிவு 'ப்ரொடெக்ஷன் ஆஃப் ஐஸ்'. எதைக் காப்பாற்றுகிறோமோ அதற்கு முன்னால் 'ஆஃப்'. எதிலிருந்து காப்பாற்றுகிறோமோ அதற்கு 'ஃப்ரம்' அல்லது 'அகெய்ன்ஸ்ட்': 'ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஸ்பார்க்ஸ்'. மாற்றி 'ப்ரொடெக்ஷன் ஃப்ரம் ஐஸ்' என்று போர்டு வைத்தால், அந்த இடத்தில் கண்ணாடிக்குப் பதிலாகத் திருஷ்டிப் பூசணிக்காய்தான் மாட்ட வேண்டும். 36-வது பிரிவு ஆபத்தான புகை, வாயு பற்றியது. அங்கே சொல் 'ப்ரிகாஷன்ஸ் அகெய்ன்ஸ்ட்'. 'புகைக்கு எதிராக' என்பதால் இது நமக்கு எளிது.

22-வது பிரிவின் தலைப்பு இன்னும் நுட்பமானது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது, 'ஒர்க் ஆன் ஆர் நியர்' என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். 'ஒர்க் ஆன்' என்றால் அந்த இயந்திரத்திலேயே கை வைத்துச் செய்யும் வேலை. 'நியர்' என்றால் அதன் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. ரோலிங் மில்லில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு கை நீளம்தான். 'ஆன்' மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தில் நின்றவர் அந்தத் தலைப்புக்கு வெளியே போயிருப்பார். அதனால்தான் ஒர்க் பெர்மிட் நிரப்பும்போது இந்தச் சின்னச் சொல்லைப் பார்த்து எழுத வேண்டும். உயரத்தில் செய்யும் வேலைக்கு 'ஒர்க் அட் ஹைட்' என்பது பாதுகாப்புத் துறையில் நிலைத்துவிட்ட தொடர்.

6 பார், 8 பார், 14 பார்

அடுத்தது எண்கள். 'இன்க்ரீஸ்', 'ரிடக்ஷன்', 'ட்ராப்', 'ரைஸ்' போன்ற பெயர்ச்சொற்கள் மூன்று ப்ரிபோசிஷன்களை ஏற்கும். மூன்றுக்கும் மூன்று பொருள். எது கூடியது அல்லது குறைந்தது என்பதற்கு 'இன்': 'இன்க்ரீஸ் இன் பிரஷர்'. எவ்வளவு கூடியது என்பதற்கு 'ஆஃப்'. எங்கே போய் நின்றது என்பதற்கு 'டு'.

காற்றழுத்தம் 6 பார் இருக்கும் ஒரு லைனை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்க்ரீஸ் டு 8 பார்' என்றால் முள் 8-ல் நிற்க வேண்டும். 'இன்க்ரீஸ் ஆஃப் 8 பார்' என்றால் ஆறோடு எட்டைக் கூட்டி 14. எழுதியவர் மனதில் 8 தான் இருந்திருக்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர் 'இது எப்படி சார் 14 ஆகும்?' என்று திருப்பிக் கேட்பார். புதிதாக வந்தவர் கேட்காமலும் இருக்கலாம்.

ரிஜெக்ஷன் கணக்கிலும் இதே கதை. மாதம் 400 பீஸ் கழிந்துகொண்டிருந்த இடத்தில் 'ரிடக்ஷன் ஆஃப் 100' என்றால் இன்னும் 300 கழிகிறது. 'ரிடக்ஷன் டு 100' என்றால் 100 தான் கழிகிறது. அப்ரைசல் நேரத்தில் இந்த ஒரு சொல் யாருடைய வேலையையும் மூன்று மடங்கு நன்றாகவோ மோசமாகவோ காட்டிவிடும். சதவீதம் வந்தால் இன்னும் வம்பு. 8 சதவீதம் 6 ஆகக் குறைந்ததை '2 சதவீதம் ரிடக்ஷன்' என்று ஒருவர் எழுதுவார். எட்டில் இரண்டு என்று கணக்குப் போட்டு '25 சதவீதம் ரிடக்ஷன்' என்று இன்னொருவர் எழுதுவார். முன்னவர் சொல்ல வேண்டியது '2 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'.

அப்போ 'பை' எங்கே வரும்? வினைச்சொல்லாக எழுதும்போது: 'ரெட்யூஸ்ட் பை 100'. பெயர்ச்சொல்லானதும் பொதுவாக 'ஆஃப்' வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'டிஸ்கஸ் அபவுட்' எங்கிருந்து வந்தது?

இந்திய ஆங்கிலத்தின் புகழ்பெற்ற தவறுகளில் இது ஒன்று. ஆங்கில வகுப்பில் சிரிப்புக்கு உதாரணமாகச் சொல்வார்கள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருப்பது தெரியும். 'டிஸ்கஷன் அபவுட்' சரி. 'டிஸ்கஷன் ஆன்' என்பதும் சரி. பெயர்ச்சொல்லுக்கு ஒட்டிக்கொண்டு வந்த 'அபவுட்'டை அதே சொல்லின் வினை வடிவத்துக்கும் மாட்டிவிடுகிறோம். 'டிஸ்கஸ்' என்ற வினைக்கு அது வேண்டாம். நேராக 'டிஸ்கஸ் தி டிராயிங்'.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு குடும்பமே அகப்படும். 'ரிக்வெஸ்ட் ஃபார் கோட்டேஷன்' சரி, பர்ச்சேஸில் தினமும் புழங்கும் ஆர்எஃப்க்யூ அதுதான். ஆனால் வினையாக 'ரிக்வெஸ்ட் எ கோட்டேஷன்' என்றால் போதும். 'ஆர்டர் ஃபார் 500 கிலோ' பெயர்ச்சொல். 'ஆர்டர்ட் 500 கிலோ' வினை. 'எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' சரி. 'எம்ஃபசைஸ் ஆன்' தேவையில்லை. 'லாக் ஆஃப் கூலன்ட்' சரி. 'தி மெஷின் லாக்ஸ் கூலன்ட்' என்பதில் 'ஆஃப்' கிடையாது. 'ஆக்ஸஸ் டு தி பேனல்', 'எஃபெக்ட் ஆன் அவுட்புட்', 'விசிட் டு தி பிளான்ட்' என்று போய்க்கொண்டே இருக்கும். பெயர்ச்சொல்லாக இருக்கும்போது கூட ஒருவர் வேண்டும். வினையானதும் தனியாக நடக்கும். எல்லாச் சொல்லும் இதற்கு அடங்காது. 'கம்ப்ளை வித்' வினையிலும் 'வித்'தை விடாது. ஆனாலும் நம் மெயில்களில் வரும் அதிகப்படியான 'அபவுட்', 'ஃபார்', 'ஆன்' பலவற்றை இந்த ஒரு கண் வடிகட்டிவிடும்.

இன்டர்வியூவுக்குப் போகும் முன்

ரெஸ்யூமேயில் வரும் சொற்கள் குறைவு, அதனால் சரிபார்ப்பது எளிது. 'டிப்ளமோ இன் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்', ஆனால் 'பேச்சலர் ஆஃப் இன்ஜினீயரிங்'. துறையைச் சொல்லும்போது 'எக்ஸ்பீரியன்ஸ் இன் மெயின்டனன்ஸ்'. கருவியையோ மென்பொருளையோ சொல்லும்போது 'எக்ஸ்பீரியன்ஸ் வித்'. 'இன்ட்ரஸ்ட் இன்', 'ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார்'. பழைய வேலையை விட்டதற்கான கட்டம் படிவத்திலேயே 'ரீசன் ஃபார் லீவிங்' என்று இருக்கும். அதைப் பார்த்தே 'ரீசன்' ஜோடியை நினைவு வைத்துக்கொள்ளலாம்.

'இன்சார்ஜ்' விஷயத்தில் மட்டும் கவனம். 'இன் சார்ஜ் ஆஃப் தி லைன்' என்றால் லைனை நடத்துபவர் நீங்கள். நடுவே ஒரு 'தி' நுழைந்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' ஆகிவிட்டால், இன்னொருவர் பொறுப்பில் இருப்பவர் நீங்கள். ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று நாம் பதவிப் பெயராகவே சொல்வது இந்திய வழக்கு. உள்ளூரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வெளிநாட்டு கஸ்டமருக்கு 'ஷிஃப்ட் சூப்பர்வைசர்' என்றால் உடனே புரியும்.

யாரிடம் கேட்பது?

ஆங்கிலேயர்களுக்காக எழுதப்பட்ட பழைய அகராதிகளில் இதையெல்லாம் விலாவாரியாகத் தேட முடியாது. பிறந்ததிலிருந்து காதில் விழுந்த ஜோடிகளை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1924-ல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போன ஏ.எஸ். ஹார்ன்பி, தன் மாணவர்கள் திணறுவது அர்த்தத்தில் மட்டுமல்ல, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்பதில்தான் என்று கண்டார். இரண்டு சக ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியின் மூலம் அதுதான். நம்மைப் போல வெளியிலிருந்து ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே பிறந்த புத்தகம். போனில் அதே அகராதியைத் திறந்து 'காஸ்' என்று தேடினால், உதாரணங்களுக்கு நடுவே தடித்த எழுத்தில் 'ஆஃப்' இருக்கும். பத்து நொடி வேலை.

மெயில் ஆப்பிலேயே கிராமர் செக்கர் இருக்கிறதே, அது போதாதா? பாதி போதும். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால் பெரும்பாலும் கீழே கோடு போட்டுக் காட்டிவிடும். 'இன்க்ரீஸ் ஆஃப் 8 பார்' என்று எழுதினால் கோடு வராது. இலக்கணப்படி அதில் தவறே இல்லை. உங்கள் லைனில் இப்போது 6 பார் ஓடுகிறது என்பது செக்கருக்குத் தெரியாது. அதனால் எண் வரும் இடங்களில் பழைய ஆட்கள் செய்வதுபோல இரண்டு எண்ணையும் போட்டுவிடுவது நல்லது: 'ஃப்ரம் 6 டு 8 பார்'. வால்வைத் திறக்கப் போகிறவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், 'ஆஃப்' என்றால் என்ன, 'டு' என்றால் என்ன என்று யோசிக்கத் தேவையிருக்காது.